கை நனைக்காத விருந்து

"ஆன்ட்டி, டாக்கோவ ஹாத் ஸே காயியே" என்று பரிமாறுகிறவன், மடித்த சோள ரொட்டியைக் கையால் எடுத்துச் சாப்பிடும் விதத்தைக் காட்டினான்.

"கையாலயா? அதெல்லாம் ஆகாதுப்பா. ஃபோர்க் லாவ்" என்றாள் சங்கரேஸ்வரி.

எதிரே பெண்ணின் அம்மா அன்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். சங்கரேஸ்வரி மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தத்துக்குச் சரி என்று சொல்லும் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காபி குடிப்பார்கள், கேசரியைக்கூட ஸ்பூனால் ஒரு வாய் எடுப்பார்கள். சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மெக்சிகன் ஓட்டலிலும் அந்தக் கணக்கு உண்டு என்று அன்னத்தாய்க்கு இப்போதுதான் தெரிந்தது.

தாராவியில் அவள் வீட்டுக்கு இதற்கு முன் இரண்டு பேர் பெண் பார்க்க வந்து காபியோடு எழுந்து போயிருந்தார்கள். அவள் கணவர் பிரம்மநாயகம் போய் இரண்டு வருஷமாகிறது. ஆம்பளை இல்லாத வீடு என்று பேசிக்கொண்டது பிற்பாடு காதுக்கு வந்தது. மகள் மாரிசெல்வி அதற்கெல்லாம் கலங்கவில்லை. ஆனால் சங்கரேஸ்வரியின் மகன் சுதன் விஷயம் வேறு. இருவருக்கும் ஒரே ஆபீஸ், மூன்று வருஷப் பழக்கம். "அவங்கம்மா மனசாரச் சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டவள்.

இடம் பார்த்தது சுதன்தான். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இட்லி தோசைக் கடை என்றால் மூன்றாவது மேஜையில் ஒரு சொந்தக்காரர் இருப்பார், மெக்சிகன் ஓட்டலில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டான். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அந்த ஓட்டலில் அவர்கள் ஐந்து பேரைத் தவிர ஒரு ஈ இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"உங்க பக்கம் பேச ஒரு ஆம்பள வரலியா?" வந்து உட்கார்ந்ததும் சங்கரேஸ்வரி கேட்ட முதல் கேள்வி அது.

"நான்தான் வந்திருக்கேன், மதினி."

தட்டுகள் வந்தன. சுதனின் அப்பா ஞானதுரை, மான்குர்த்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பசியில் ஒரு டாக்கோவை அப்படியே கையில் எடுத்தார். சங்கரேஸ்வரி அவர் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். "கைய எடுங்க!"

அவரும் முள்கரண்டியை வாங்கிக்கொண்டார். குத்தினார். டாக்கோ பட்டென்று உடைந்து, உள்ளே இருந்த ராஜ்மா பயறு அவர் வெள்ளைச் சட்டையில் போய் ஒட்டியது. மாரிசெல்வி சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்துப் புரையேறினாள்.

பிறகு ஐந்து பேரும் ஐந்து முள்கரண்டிகளோடு போராடினார்கள். டாக்கோவின் ஓரம் ஓடு மாதிரி இருந்தது, நடுவில் நமுத்துப் போயிருந்தது. ராஜ்மா மேலே வெதுவெதுப்பு, உள்ளே ஐஸ். சீஸ் மெழுகாக உறைந்து கிடந்தது. சோற்றில் எலுமிச்சம்பழ வாசனை நன்றாகவே இருந்தது, ஆனால் சோறு வேகவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றான் சுதன்.

"நல்லாருக்கு" என்றாள் சங்கரேஸ்வரி.

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் ஞானதுரை, சட்டையைத் துடைத்தபடி.

சுதன் அன்னத்தாயைப் பார்த்தான். பிரம்மநாயகம் இருந்திருந்தால் பிரமாதம் என்று சொல்லி இன்னொரு தட்டு வாங்கியிருப்பார். யாருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லத் தெரிந்த மனுஷர். அவளுக்கு அது வராது.

"நல்லாவே இல்ல, தம்பி. உள்ள சில்லுன்னு இருக்கு. சோறு நறுக்கு நறுக்குன்னு கடிபடுது."

மேஜைக்கு அடியில் மாரிசெல்வியின் கால் அவள் காலை மிதித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அன்னத்தாய்.

சங்கரேஸ்வரி முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் அவள் தோள்தான் குலுங்கியது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரைக்கும்.

"நானும் எவ்வளவு நேரந்தான் மென்னுக்கிட்டே இருக்கது, மதினி! உங்க பக்கம் ஆம்பளைய வந்திருந்தா இந்நேரம் ஆளுக்கொரு பொய் சொல்லிக்கிட்டு இருந்திருப்போம். சரி, இன்னைக்கு வீட்டுல என்ன வச்சிருக்கிய?"

"ஒண்ணுமில்ல. காலைல வடிச்ச சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நல்ல காரியம் பேசயில அதப் போய்..."

"கத்திரிக்கா போட்டதா?" இது ஞானதுரை.

"கத்திரிக்காயும் மாங்காயும்."

சங்கரேஸ்வரி கைப்பையை எடுத்தாள். "ஏலே சுதா, பில்லக் கேளு."

"யம்மா, அவங்க வீட்ல சாப்பிட்டா அது..."

"தெரியும்ல. எனக்குச் சொல்லித் தாரியாக்கும்?"

சயான் வழியாக இரண்டு டாக்ஸியில் தாராவிக்கு வந்து சேர்ந்தார்கள். சந்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். வாசலில் அன்னத்தாய் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். சங்கரேஸ்வரி வலது கையை நீட்டினாள். ஊற்றும்போது சொம்பு கூடுதலாகச் சாய்ந்து, பாதித் தண்ணீர் சங்கரேஸ்வரியின் பட்டுச் சேலையில் போயிற்று.

"சேலை கெடக்கு. நீங்க ஊத்துங்க."

பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இரண்டாவது சுற்றிலேயே சோறு தீர்ந்துவிட்டது. மாரிசெல்வி பரணில் ஏறி, அப்பா போன பிறகு இறக்காமலே கிடந்த பெரிய பானையை எடுத்துக் கழுவித் தந்தாள். அன்னத்தாய் உலை வைத்தாள்.

"தை மாசம் கடைசி வாரத்துல ஒரு நல்ல நாள்..." என்று ஆரம்பித்தார் ஞானதுரை.

"அத நானும் மதினியும் பேசிக்கிடுதோம். நீங்க அந்த மாங்காயை இந்தப் பக்கம் தள்ளுங்க."

அடுக்களையில் திரும்பி நின்றுகொண்டு அன்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். புகை என்று சொல்ல முடியாது, காஸ் அடுப்புதான். பின்னால் குழம்பு காய்ந்த கைகளைத் தட்டின் மேல் வைத்தபடி எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். உலை கொதித்துச் சோறு வேகும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.