பாலக்காவலரின் ஒன்பது வருடங்கள்

வரலாற்றுத் துறையையும் நிலவியல் துறையையும் ஒன்றாகச் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். அதை முழுதாகச் சொல்லி முடித்தவர் யாருமில்லை. எல்லோரும் ‘கல்யாண வீடு’ என்றே சொன்னார்கள். நிலவியல் மாப்பிள்ளை வீடு, வரலாறு பெண் வீடு. மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்றாவது மாடியில் ஏசி அறை, கண்ணாடிக் கதவு, ஆளுக்கு இரண்டு கணினித் திரை. பெண் வீட்டாருக்குக் கீழ்த்தளத்தில், தண்ணீர்க் குழாய் போகிற சுவரை ஒட்டி, ஒரு நீள மேசை.

அந்த மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மையத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுத்தில் கயிறு கட்டி எப்போதும் ஒன்று தொங்கும். கோழி கிளறிய மாதிரி இருக்கும் பழைய கையெழுத்துகளைப் படித்துச் சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவள்தான். ஆனாலும் வேலை மட்டும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் ஒரு மாதம் கடிதம் வருமா என்று தபால்காரரைப் பார்த்திருப்பாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அக்காவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவின் வாய்க்கு அணை போட ஆளில்லை.

அந்த மேசையில் அவளுக்கு ஏழு வருடம் ஆகியிருந்தபோது ஒரு நாள், மாடியிலிருந்து நதிப் பேராசிரியர் தானே இரண்டு கையிலும் இரண்டு தேநீர்க் கோப்பையோடு கீழே இறங்கி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படியில் இறங்கியதே அபூர்வம். நகரத்தின் பழைய பாலத்தில் காவலர்கள் இருந்த காலத்தில், தினமும் காலை ஆறு மணிக்கு ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதிவைத்த அறுபத்தொரு பதிவேடுகள் கிடங்கில் இருப்பது அவருக்குத் தெரியவந்திருந்தது.

“மேடம், அறுபத்தொரு வருஷம். ஒரு நாள் விடாம எழுதியிருக்காங்க. இதை எண்ணா மாத்திக் குடுத்தீங்கன்னா, இந்த ஆறு எப்படி நடந்துக்கிட்டதுன்னு நான் சொல்லிடுவேன். கட்டுரையில நம்ம ரெண்டு பேர் பேரும் முதல் வரியில இருக்கும்.”

நல்ல மனிதர். சிரித்த முகம். அவளுடைய அக்காவுக்கு முதுகுவலி என்று கேள்விப்பட்டு மறுநாள் ஞாபகமாக விசாரித்தவர். அவள் நம்பினாள்.

இருபத்திரண்டாயிரம் சொச்சம் அளவுகள். மூன்று காவலர்களின் மூன்று கையெழுத்து. முதலாமவர் ஏழையும் ஒன்றையும் ஒரே மாதிரி போடுவார். மூன்றாமவர் அடியை எழுதிவிட்டு அங்குலத்தை ஓரத்தில் ஒதுக்குவார். இரண்டாமவருடையது மட்டும் அச்சு வார்த்த மாதிரி எழுத்து. அவர் பக்கம் வந்தபோது அவளுக்கு வேலை லேசாகிவிட்டது. கிடங்கிலிருந்து எடுத்த படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு எண்களை மளமளவென்று அடித்துக் கொடுத்தாள்.

எண்கள் மாடிக்குப் போன மூன்றாவது மாதம் பேராசிரியர் படியில் ஓடி வந்தார். இரண்டாவது காவலரின் கடைசி ஒன்பது வருடங்களில் இந்த ஆறு பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்திருக்கிறது. பெருவெள்ளம் ஒன்றுகூட இல்லை. அதற்கு அடுத்த வருடமே எகிறுகிறது. ஆற்றின் குணமே அந்த இடத்தில் மாறியிருக்கிறது என்றார். அதற்கு ‘மௌனக் காலம்’ என்று பெயரும் வைத்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. கட்டுரை அச்சாகும் முன்பே மாநாட்டில் பேசினார், பத்திரிகையில் படம் வந்தது, மேல்மாடிக்குப் புதிதாக இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள்.

அவளுக்குச் சரிபார்க்கும் வேலை பாக்கி இருந்தது. அதற்காகத்தான் முதல்முறையாக அசல் பதிவேடுகளை வரவழைத்து ஜன்னலோர வெளிச்சத்தில் விரித்தாள்.

தினமும் எழுதுகிற எழுத்துக்கு ஒரு லட்சணம் உண்டு. மை ஒரு நாள் தண்ணியாக இருக்கும், ஒரு நாள் கெட்டியாக இருக்கும். குளிரில் விரல் விறைத்தால் எழுத்து கோணும். மழை நாளில் ஈரக்கை பட்டுத் தாள் உப்பும். இரண்டாவது காவலரின் முதல் வருடங்களில் அதெல்லாம் இருந்தது. கடைசி ஒன்பது வருடங்களில் இல்லை. மாதத்தின் முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதிவரை ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. ஒரே உட்காரலில் எழுதியது.

முதல் காவலரின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலால் வரி வரியாக ஒப்பிட்டாள். இரண்டு நாள் பிடித்தது. இருபது வருடத்துக்கு முந்தைய எண்களையே எடுத்து, மூன்று நாள் தள்ளிப்போட்டு, இங்கே ஒரு அங்குலம் கூட்டி, அங்கே ஒரு அங்குலம் குறைத்து, பெரிய வெள்ளம் வந்த நாட்களை மட்டும் மழுப்பி எழுதியிருந்தார் மனிதர்.

ஏன் என்பது வேறொரு பெட்டியில் இருந்தது, பணியாளர் மனுக்கள் என்று எழுதிய பெட்டியில். வண்டிச் சக்கரம் ஏறி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அளவுகோல் இருக்கும் இடத்துக்குக் கைப்பிடி இல்லாத நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். தனக்குப் பதிலாக மனைவி இறங்கி அளவு பார்க்க அனுமதிக்குமாறு கேட்டிருந்தார், ஐந்து பிள்ளைகள் என்று கீழே எழுதியிருந்தார். ஓரத்தில் மேலதிகாரியின் கிறுக்கல்: ‘இயலாது. முடியாவிட்டால் வேலையையும் குடியிருப்பையும் விட்டுப் போகவும்.’ அவர் விடவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஒன்பது வருடம் ஆற்றை எழுதினார். அதே பெட்டியில் படகுக்காரர்கள் கொடுத்த புகார் ஒன்று இருந்தது. வெள்ளம் பதினோரு படகை அடித்துக்கொண்டு போன நாளைச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பதிவேட்டில் நான்கடி இரண்டங்குலம். ஒரு ஆளின் மார்பளவே நிற்கும் தண்ணீர்.

அவளுக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை. ஒன்பது வருடம் ஒருவரும் சரிபார்க்கவில்லையே என்றுதான் தோன்றியது.

பதினான்கு பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள்.

“சார், அந்த ஒன்பது வருஷமும் பொய்.”

பேராசிரியர் சிரித்தார். “ஆறு பொய் சொல்லாது மேடம்.”

“ஆறு சொல்லல சார். ஆத்துகிட்ட யாருமே போகல. அந்த ஆளுக்குக் கால் இல்ல.”

அவர் பக்கங்களைப் புரட்டினார். வாசித்தாரா என்று சொல்ல முடியாது. சிரிப்பு மட்டும் மெல்ல வடிந்தது.

“எண்ணுல ஒரு ஒழுங்கு இருக்கு மேடம். அதைக் கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. நீங்க மை, சாய்வுன்னு சொல்றீங்க. இது கைரேகை ஜோசியம் மாதிரி இருக்கு. தப்பா நினைக்காதீங்க.”

“ஒழுங்கு இருக்கத்தான் செய்யும் சார். பழைய எண்ணைத்தானே காப்பி அடிச்சிருக்கார்.”

“சரி, இணைப்புல போட்டுடலாம். படிக்கிறவங்க படிச்சுக்கட்டும்.”

இணைப்பில் போடவில்லை. கட்டுரை வெளியான திங்கட்கிழமை அவள் கீழ்த்தளத்தில் நின்றபடியே படித்தாள். ஐந்து பேர் பெயர் இருந்தது. புதிதாக வந்த இரண்டு மாணவர்கள்கூட இருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், ‘பழைய பதிவுகளைத் தட்டச்சு செய்து உதவிய கீழ்த்தளப் பணியாளருக்கு நன்றி.’ பெயர்கூட இல்லை.

“தட்டச்சா?” என்றாள் அக்கா, இரண்டு நாள் கழித்து வீட்டில் அதை வாங்கிப் படித்துவிட்டு. சீருடையைக்கூட மாற்றாமல் நின்றாள். “நாலு வருஷம் கண்ணு அவிஞ்சு படிச்சவளுக்குத் தட்டச்சா? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்திக்கிட்டான் பாரு!”

“பேரு போனா போகுதுக்கா. அந்தக் கட்டுரையே தப்பு.”

“பேரு போனா போகுதா? அப்புறம் ஏன்டி ரெண்டு நாளா சோறு இறங்கல உனக்கு?”

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பெயரைப் போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாளா? இருந்திருக்கலாம். ‘சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கேட்காதது அவர் பாடு’ என்று தன்னைச் சமாதானம் செய்திருக்கலாம். உண்மைக்காக எழுதுகிறாளா, வயிற்றெரிச்சலில் எழுதுகிறாளா என்று அவளுக்கே தெரியாத நிலையில்தான் ஆய்விதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். பதினான்கு பக்கத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஆய்விதழ் அந்தக் கடிதத்தைப் பேராசிரியருக்கே அனுப்பி விளக்கம் கேட்டது. மூன்றாம் வாரம் மையத்தின் இயக்குநர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். பெண் வீட்டிலிருந்து போய் மாப்பிள்ளை வீட்டாரோடு ஒன்றிவிட்டவர். ஒரு காலத்தில் இவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“குடும்பத்துக்குள்ள பேசித் தீக்க வேண்டியதைத் தெருவுக்குக் கொண்டு போயிட்டியே.”

“பேசினேன். யாரும் கேக்கல.”

“இந்த மையத்தை நடத்த நான் படுற பாடு உனக்குத் தெரியாது. அவர் பேரு கெட்டா இங்க ஒரு விளக்கு எரியாது. உன் மேசையும் சேத்துத்தான்.”

“அப்ப அந்த ஒன்பது வருஷமும் உண்மைன்னு வச்சுக்கணுமா?”

இயக்குநர் அம்மா மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். அந்த ஆண்டு முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மையம் புதிய திசையில் போகிறது என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. பதினோரு வருடச் சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன. வழியனுப்ப நூலகர் ஒருவர்தான் வாசல்வரை வந்தார்.

அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தாள். பழைய சொத்துப் பத்திரங்களைப் படித்து, எந்த வரப்பு யாருடையது என்று சொல்கிற வேலை. வக்கீலுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மரியாதையாக நடத்தினார். ஆனால் இரண்டு பங்காளிகளின் கிணற்றுச் சண்டைக்கு மேல் அங்கே ஒன்றும் கிடையாது.

பதினான்கு மாதம் கழித்து நூலகர் ஒரு உறை அனுப்பினார். உள்ளே ஆய்விதழில் வந்த திருத்தம். நதிப் பேராசிரியரே எழுதியது. ‘நாங்கள் மேற்கொண்ட மறுஆய்வில்’ என்று தொடங்கியது. மை, சாய்வு, மூன்று நாள் தள்ளல், வெட்டிய கால், நாற்பத்திரண்டு படி, பதினோரு படகு, எல்லாம் இருந்தது. பாதி வாக்கியங்கள் அவளுடையவை. மனுவின் தேதியை அவள் அவசரத்தில் பதின்மூன்றுக்குப் பதிலாக இருபத்துமூன்று என்று எழுதியிருந்தாள். அதுவும் அப்படியே இருந்தது. அவள் பெயர் மட்டும்தான் தேடியும் கிடைக்கவில்லை.

சொந்தத் தவற்றைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டதற்காகப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு நேர்மைக்கான விருது அறிவித்தது.

அவரே போன் செய்தார். குரலில் அதே இனிப்பு.

“மேடம், நீங்க அவசியம் வரணும். நீங்க இல்லாம இது நடந்திருக்குமா?”

“அப்புறம் ஏன் சார் ‘நாங்கள்’னு போட்டீங்க?”

“நாமெல்லாம் சேந்ததுதானே மேடம் ‘நாங்கள்’?”

அக்காவிடம் சொன்னபோது, “போ. போய் நாலு பேர் முன்னாடி மூஞ்சியில காறித் துப்பிட்டு வா” என்றாள்.

துப்புவதற்கு இல்லாவிட்டாலும், கேட்பதற்கு என்று ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டுதான் அவள் போனாள். பேருந்தில் ‘அந்தப் பதினாலு பக்கத்தை எழுதினது யாரு சார்?’ என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அரங்கம் நிறைந்திருந்தது. ஆறாவது வரிசையில் ஓரமாக இடம் கிடைத்தது. பேராசிரியர் மேடையேறி, கால் போன காவலரின் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். சபை கலங்கிப்போய்க் கேட்டது. அறிவியலுக்கு எண் மட்டும் போதாது, எண்ணை எழுதிய மனிதனையும் படிக்கத் தெரிய வேண்டும் என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

“இதுல எனக்குக் கண்ணா இருந்த ஒரு தோழி இங்க வந்திருக்காங்க. பொறுமைன்னா அவங்கதான். மேடம், கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

தலைகள் திரும்பின. முந்நூறு பேரும் ஆறாவது வரிசையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் அன்பாக முழங்கையைத் தொட்டு, “உங்களைத்தான்” என்றாள். அவள் எழுந்தாள். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முகம் தானாகச் சிரித்தது. இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டன. உட்கார்ந்துவிட்டாள்.

தேநீருக்கு நிற்காமல் வந்துவிட்டாள். வீட்டில் அக்கா வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கேட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

“எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்கச் சொன்னார்.”

“நின்னியா?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வார் ஒன்று அறுந்திருந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடியபோது அறுந்திருக்க வேண்டும்.

“நின்னேன்க்கா. கும்பிடு வேற போட்டேன்.”

ஊரையே வாயால் அளக்கிற அக்கா உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்து, சோற்றைப் போட்டு, “சாப்பிடு” என்றாள்.