நிலத்தின் பேச்சைக் கேட்டவர்

வாரன் ஸ்டோடார்ட் கோலாலம்பூருக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில்தான் வந்தார். அமெரிக்காவில், ஒஹாயோ பக்கம், கோல்ஃப் திடல்களுக்குப் புல் தேர்ந்தெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிலவடிவமைப்பாளர். அங்கே வேலை வறண்டுபோன சமயத்தில், ஷா ஆலத்துக்கு அருகில் வீடமைப்புத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு முதலாளிக்கு விளம்பரத்தில் நிறுத்த ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார். இருவருக்கும் பொருந்திப்போயிற்று. ஆறு மாதம் கால் நூற்றாண்டைத் தாண்டி நீண்டது.

வந்தபோது அவர் வெறும் நிலவடிவமைப்பாளர். சில வருடங்களில் விசிட்டிங் கார்டில் 'நகரத் திட்டமிடுநர்' என்பதும் சேர்ந்துகொண்டது. நடுவில் ஏதாவது பரீட்சை எழுதினாரா என்று கார்டு அச்சடித்தவன் கேட்கவில்லை. வேறு யாரும்கூடக் கேட்கவில்லை.

எல்லாக் கூட்டத்திலும் அவர் ஒரு வாசகம் சொல்வார். "நிலம் பேசும். திட்டமிடுபவன் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்." சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். கீழே உட்கார்ந்திருப்பவர்களும் பவ்யமாகக் கண்ணை மூடுவார்கள். நிலம் அவரிடம் சொன்னதெல்லாம், முந்தின நாள் மதியச் சாப்பாட்டில் டத்தோ சொன்னதாகவே இருந்தது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

செராஸில் நிலம் அவரிடம் ஓர் ஏரி கேட்டது. வெட்டினார். தண்ணீர் வர வழி இருந்தது, போக வழி இல்லை. அடுத்த வருடம் பச்சைப் பாசி படர்ந்தது, அதற்கடுத்து டெங்கி வந்தது. அவர் கலங்கவில்லை. ஏரி என்ற பலகையை எடுத்துவிட்டு 'ஈரநிலப் பூங்கா' என்று ஒரு பலகை வைத்தார். அதில் ஒரு கொக்கின் படம். கொக்கு வந்ததாகத் தகவல் இல்லை. கொசுப்புகை அடிக்கிறவர்கள் தவறாமல் வந்தார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தெருவின் நடைபாதையை அவரிடம் கொடுத்தார்கள். பார்வையற்றவர்களும் பாதிப் பார்வை உள்ளவர்களும் நிறையப் பேர் நடக்கும் இடம் அது. அவர்களுக்காகப் போட்டிருந்த மேடு வைத்த மஞ்சள் ஓடுகளைப் பார்த்து, "மஞ்சள் கண்ணை உறுத்துகிறது" என்றார். யாருடைய கண்ணை என்று கேட்க ஆளில்லை. மஞ்சளைப் பெயர்த்துவிட்டுச் சாம்பல் நிறக் கருங்கல் பதித்தார். பாதிப் பார்வைக்காரர்களுக்குப் பாதை எது, சாலை எது என்று தெரியாமல் போயிற்று. மழையில் வழுக்கி ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆள் நடமாட்டமில்லாத விடியற்காலையில் எடுத்த புகைப்படம் ஒன்று வெளிநாட்டில் பரிசு வாங்கியது. பிறகு சத்தமில்லாமல் மஞ்சள் ஓடு திரும்ப வந்தது. பரிசு திரும்பப் போகவில்லை.

தாமரை அவருடைய அலுவலகத்தில் சேர்ந்தது அதற்குப் பின்னால்தான். முறையாக நகரத் திட்டமிடல் படித்தவள். வரைபடங்களில் அவர் விட்ட ஓட்டைகளை அடைப்பது அவள் வேலை. ஆனால் அவளுக்குச் சம்பளம் ஏறியது இன்னொரு வேலையால். அவர் மக்களைச் சந்திக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். அவருக்கு மலாய், சாப்பாட்டுக்கடையில் கேட்டு வாங்கும் அளவுக்கு வரும். தமிழ் அந்த அளவுக்கும் வராது.

அவள் மொழிபெயர்ப்பில் ஒரு நளினம் இருந்தது. மக்கள் திட்டினால் அது ஆங்கிலத்தில் கருத்தாகிவிடும். அவர் எரிந்து விழுந்தால் அது தமிழில் அக்கறையாகிவிடும். கூட்டம் எப்போதும் அமைதியாக முடியும். "நீ இல்லாட்டி கஷ்டம் லா, தாமரை" என்று டத்தோவின் ஆட்கள் சொல்வார்கள். அவளும் அதை ஒரு திறமை என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் கிள்ளான் திட்டம் வந்தது.

கிள்ளானில், ஆற்றுப்பக்கம் வரிசை வீடுகளாலான பழைய குடியிருப்பு, ஒரு தாமான். பக்கத்தில் ஒரு திடல், திடலை ஒட்டி மழைத்தண்ணீர் தேங்குவதற்கென்றே வெட்டின குளம். அந்தக் குளத்தை மூடி மூன்று கொண்டோ அடுக்குமாடிக் கட்டிடம் எழுப்ப டத்தோவுக்கு ஆசை. நிலமும் அப்படியே கேட்டுக்கொண்டதாக ஸ்டோடார்ட் அறிக்கை எழுதினார். அவர் அந்த இடத்துக்குப் போனது ஒரே தடவை. அன்றைக்கு மழை பெய்ததால் காரைவிட்டு இறங்கவில்லை. நிலம் பேசியதைக் கண்ணாடி வழியாகக் கேட்டிருக்க வேண்டும்.

குளத்துக்குப் பதிலாகக் கட்டிடங்களைச் சுற்றி ஒரு 'மழைத் தோட்டம்' வரைந்தார். கணுக்கால் ஆழத்தில் செடிகள், கூழாங்கல், மரப்பாலம். தாமரை தரையின் மட்டம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "சார், இதில் அந்தத் தண்ணீர் நிற்காது. தாமான் பக்கம் தரை தாழ்வாக இருக்கிறது."

"அது இன்ஜினியர் கவலை" என்றார் அவர். "பயத்தை வரையாதே. படத்தை வரை."

அவள் படத்தை வரைந்தாள். மரப்பாலத்தில் ஒரு குடும்பத்தைக்கூட நிறுத்தினாள்.

ஆட்சேபங்களைக் கேட்க, நகராண்மைக் கழகம் ஒரு சனிக்கிழமை காலை தாமானின் பொது மண்டபமான டேவானில் கூட்டம் கூட்டியது. நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். பெரும்பாலும் தமிழர்கள், கொஞ்சம் மலாய்க்காரர்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ரெங்கசாமி லோரி கம்பெனி வைத்திருப்பவர். அவர் எழுந்து, "எங்க பக்கம் டீச்சர் பேசுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் தனலெட்சுமி. ஓய்வுபெற்றவர், வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஸ்டோடார்ட் தன் வாசகத்தைச் சொல்லி, கண்ணை மூடித் திறந்து, படங்களைக் காட்டி முடித்திருந்தார். டீச்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மழ பெஞ்சா இப்ப தண்ணி அந்தக் குளத்துல நிக்குது. குளத்த மூடிட்டா அது எங்க போவும்? அத மட்டும் அவர சொல்லச் சொல்லுமா."

தாமரை ஆங்கிலத்தில் சொன்னாள். "நீர் மேலாண்மை பற்றி அறிய இவர்கள் ஆர்வமாக இருக்கிறார்கள், சார்."

ஸ்டோடார்ட் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். மைக்கை மூடவில்லை. அது தேவை என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் புன்னகையோடு தாமரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவங்களுக்குச் சொர்க்கத்துல வீடு கொடுத்தாலும் அங்க சாக்கடை எப்படின்னுதான் கேப்பாங்க. தண்ணியப் பத்தி இனிப்பா ஏதாவது சொல்லி உட்கார வை."

தாமரை கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நல்ல கேள்வின்னு சார் சொல்றாரு. தண்ணி விஷயத்துல அவருக்கு ரொம்ப அக்கறை. அதுக்குத்தான் இந்த மழைத் தோட்டம்..."

"இரு மா" என்றார் டீச்சர்.



"நான் இந்த ஊர்ல முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவ. இங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு எங்கிட்ட படிச்சவங்க. அவரு சொன்னது எல்லாருக்கும் வெளங்கிருச்சு." நிதானமாகத்தான் பேசினார். "உன்ன ஒக்கார வெச்சது அவரோட திருப்திக்கு. நாங்களும் போகட்டும்னு விட்டோம்."

சுவரோரம் நின்றவர்கள் தாமரையையே பார்த்தார்கள். ஸ்டோடார்டை யாரும் பார்க்கவில்லை.

"அவனாச்சும் மனசுல இருந்தத சொன்னான்" என்றார் டீச்சர். "எங்க காதுல விழுந்த பெறகு, எங்க மொகத்துக்கு நேராவே அத மாத்திச் சொல்றியே. நீ என்ன படிச்ச?"

"என்ன சொல்கிறார்?" என்று ஸ்டோடார்ட் தாமரையிடம் கேட்டார். "திருப்தியாகத்தானே தெரிகிறார்?"

தாமரைக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடமாக இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று சண்டை வராமல் காத்ததாக அவள் நினைத்திருந்தாள். எதிரே இருந்தவர்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. விலை போன ஒன்றைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது. அதைத் தாங்க அவளால் முடியவில்லை. தன் பக்கமிருந்த மைக்கை இழுத்தாள்.

"டவுன் பிளானிங் படிச்சேன், டீச்சர். கொளத்த மூடினா தண்ணி ஒங்க கடைசி ரெண்டு வரிச வீட்டுக்குத்தான் வரும். மட்டம் எடுத்தது நான்தான். அந்தத் தோட்டம் படத்துக்குப் போட்டது. தண்ணிக்கு இல்ல."

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள், ஸ்டோடார்டுக்காக. அதையே மலாயில் சொன்னாள், நகராண்மைக் கழக அதிகாரிக்காக. அதுவரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்த அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து, "இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். இந்தத் தடவை அவர் எழுதிக்கொண்டார்.

யாரும் கைதட்டவில்லை. டீச்சர் "சரி" என்றார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது காரில் ஸ்டோடார்ட் திட்டவில்லை. "நீ களைத்துப்போயிருக்கிறாய்" என்று தகப்பனைப் போலச் சொன்னார். வேலை போய்விட்டது என்பதை அந்த வாரமே அலுவலக மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நேரில் சொல்லும் துணிச்சல் ஸ்டோடார்டுக்கு இல்லை.

குளத்தை மூடக் கேட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. டத்தோ ஸ்டோடார்டின் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். அதோடு அந்த மனிதர் ஒழிந்தார் என்று நினைத்தால், அவருடைய தொழில் எப்படி நடக்கிறது என்பது இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அடுத்த வருடம் சிங்கப்பூரில் ஒரு மாநாட்டில் அவர் பேசினார். தலைப்பு, 'மக்கள் வேண்டாம் என்றபோது'. தன் குழுவிலிருந்த இளம் பெண் ஒருத்தியை அஞ்சாமல் உண்மை பேசும்படி தானே ஊக்கப்படுத்தியதாகவும், ஒரு தாமானின் குளம் அப்படித்தான் பிழைத்ததாகவும் சொன்னார். கண்ணை மூடினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். பதக்கம் கொடுத்தார்கள். இப்போது வேறொரு நாட்டில் ஏதோ ஒரு தலைநகருக்கு ஆலோசகராக இருக்கிறார். அங்கேயும் நிலம் பேசிக்கொண்டிருக்கும்.

அந்தப் பேச்சின் காணொளியைத் தாமரை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு கடை மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முதலில் பல மாதம் வேலையே கிடைக்கவில்லை. வாய் நீளம் என்று பெயர் பரவியிருந்தது. பிறகு தோழி மாதவியோடு சேர்ந்து இந்த அலுவலகத்தை ஆரம்பித்தாள். கடை புதுப்பிக்கிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். காணொளி முடிந்ததும் மாதவி, "பதில் எழுதப் போறியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அந்தாளுக்கு வெளங்காது" என்று சொல்லிவிட்டுத் தாமரை கணினியை மூடினாள்.

போன வருடம் ரெங்கசாமி தொலைபேசியில் கூப்பிட்டார். அதே குளத்துக்கு வேறொரு டத்தோ வந்திருக்கிறாராம், இந்தத் தடவை உள்ளூர்த் திட்டமிடுநரோடு. "நீங்க வந்து பாக்க முடியுமாமா? டீச்சருதான் கூப்பிடச் சொன்னாங்க."

தாமரை கிள்ளானுக்குப் போனாள். டீச்சர் வீட்டு முன்னறையில் புது வரைபடம் விரித்திருந்தது. சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவரும் பழசைப் பேசவில்லை, அவளை மன்னித்தது போலவும் காட்டிக்கொள்ளவில்லை. டீச்சர் தனக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"நீ தமிழ்லயே சொல்லு" என்றார், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. "இங்கிலீஷ்ல நான் எழுதிக்கிறேன். ஒன் இங்கிலீஷ் மேல எனக்கு இன்னும் நம்பிக்க வரல."

தாமரை தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.