உடைசல் பட்டைகள்

ஜிப்சம் தண்ணீரில் விழுந்துவிட்டால் பிறகு எட்டு நிமிடம்தான். அதற்குள் கலக்கி, கட்டி உடைத்து, அச்சில் ஊற்றி, மேலே வழித்து, அச்சைத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் வாளியில் இருப்பது மாவு அல்ல, கல்.

சைராகுல் அன்று விடிவதற்குள் பதினோரு வாளி கலக்கிவிட்டாள். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் வடக்கு ஓரத்துக் கரிப்புகை கதவிடுக்கு வழியாகப் பட்டறைக்குள் வந்து வெள்ளைத் தூசியோடு கலந்து நின்றது. பிப்ரவரி மாதம். அடுப்பு கிடையாது. இறுகும்போது ஜிப்சம் தானாகச் சூடாகும். ஊற்றி முடித்த கார்னிஸ்கள்மேல், கூரையோரத்தில் ஒட்டும் அந்த அலங்காரப் பட்டைகள்மேல், பெண்கள் வரிசையாக உள்ளங்கைகளை வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெடித்த விரல்களுக்குள் சூடு இறங்கும்போது எரியும். எரிந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

"எச்சில்கூட வெள்ளையாத்தான் வருது," என்றாள் பக்கத்து மேசை அனார்கான். இருமி முடித்து, வாயைத் துடைத்தாள். ஐம்பத்தைந்து வயது. பதினாறு வருடம் இந்தத் தூசியைச் சுவாசித்தவள். "நான் செத்தா புதைக்காதீங்க. ரெண்டா அறுத்து வித்துடுங்க, நல்ல பட்டை வரும்."

யாரும் சிரிப்பதற்குள் கதவு திறந்தது. லாரியில் சரக்கு ஏற்றும் கலிக் உள்ளே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான்.

"விடுதிக் கதவுல காகிதம் ஒட்டியிருக்கு. மாசக் கடைசிக்குள்ள எல்லா ரூமும் காலி பண்ணணுமாம். நமக்கு முற்றத்துல இரும்புக் கன்டெய்னர் போட்டுத் தர்றாங்களாம்." அவன் சைராகுலைப் பார்க்காமல் சொன்னான். "மூணாம் மாடி ஒன்பதாம் ரூம் மட்டும் நாளைக்கே."

ஒன்பதாம் அறை சைராகுலுடையது. கையில் இருந்த வாளி இறுகிப்போனது அவளுக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குப் பின்னால் இருந்த நான்கு மாடி விடுதி, பழைய நூற்பாலைக் காலத்தது. பட்டறையை வாங்கிய ஜமீர்பெக்குக்கு அதுவும் சேர்ந்து வந்தது. நாற்பது அறைகள். ஒவ்வொன்றும் நடந்து அளந்தால் நீளத்தில் நாலரைத் தப்படி, அகலத்தில் மூன்று தப்படி. சாயம் உரிந்த சுவர், தலையில் இடிப்பதுபோல் கூரை, ஒற்றை ஜன்னல். யாரும் வாங்க நினைக்காத இடம் என்பதால்தான் தொழிலாளிகளை அதில் குடிவைத்திருந்தான்.

சைராகுலின் புருஷன் பெய்ஷென், பட்டைகளை வீடுகளில் கொண்டுபோய்ப் பொருத்துகிறவன். நகரத்தில் அவனைப்போல மூலை சேர்க்கிறவன் இல்லை என்பார்கள். இரண்டு பட்டை சேரும் இடத்தில் நகம் வைத்தால்கூடக் கோடு தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாளிகையின் மாடிப்படிக் கூரையில் கார்னிஸ் ஒட்டும்போது சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஜமீர்பெக் கட்டிலோரம் நின்று, "நீ உசுரோட இருக்கிறவரை அந்த ரூம் உன்னுது" என்றான். எழுத்தில் எதுவும் இல்லை. வாய்ச்சொல்தான்.

அதன்பின் பெய்ஷென் அந்த அறையில் படுத்தபடி வெடித்த சுவரைப் பார்த்தே நாளைக் கழித்தான். முதல் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. ஒருநாள் சைராகுல் குப்பைமேட்டிலிருந்து மூளியான பட்டைத் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்து கட்டில்மேல் கொட்டினாள். அவன் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தான். பிறகு பேசினான்.

"கார்னிஸ் அகலமா வேண்டாம். இத்தனூண்டு ரூமுக்குப் பெருசா வச்சா கூரை நெத்தியில வந்து உட்காரும். ரெண்டு விரக்கடை போதும்."

அவன் சொல்லச் சொல்ல அவள் ஒட்டினாள். சுவரின் நடுவில் குறுக்குப் பட்டை ஓட்டக் கூடாது, சுவரை இரண்டாக வெட்டிவிடும். முழங்காலுக்குச் சற்று மேலேதான் ஓட்ட வேண்டும். அதற்கு மேல் நெட்டுக்குத்தாகச் சட்டங்கள், குறுகலாக, உயரமாக. அப்போதுதான் கண் மேலே ஏறும். பட்டைக்கும் சுவருக்கும் ஒரே சாயம். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் போட்ட சட்டத்துக்குள் உடைந்த கண்ணாடி ஒன்றை அவள் பதித்தாள். ஜன்னல் அவன் தலைக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடி வந்த பிறகு, படுத்தபடியே பனிமலை தெரிந்தது.

அறை வளர்ந்துவிட்டதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் பார்த்து ஒருவர் என்று ஒரே வருடத்தில் நாற்பது அறைகளிலும் உடைசல் பட்டைகள் ஏறின. ஒவ்வொருவரும் பெய்ஷெனின் கட்டிலோரம் வந்து அளவு கேட்டுப் போனார்கள்.

போன மாதம் மூன்றாம் மாடியில் குழாய் வெடித்தபோது ஜமீர்பெக் மேலே வந்தான். ஒன்பதாம் அறை வாசலில் வெகுநேரம் நின்றான். "அரண்மனை மாதிரி வச்சிருக்கியே, சைரா" என்றான். இரண்டு நாள் கழித்துப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். பெய்ஷெனைக் கட்டிலோடு தூக்கி நடைவழியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெல்வெட் நாற்காலியைப் போட்டுப் படம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் நடைவழிக் குளிரில் கிடந்தவன் கேட்டது ஒன்றுதான்: "மூலை சேர்ந்தது படத்துல சுத்தமா விழுமா?"

இப்போது அந்தப் படம் நகரத்தின் பெரிய சாலையில் விளம்பரப் பலகையாக நிற்கிறது. அதன்மேல் எழுத்து: சிறிய இல்லம், பெரிய வாழ்வு. அறைகள் விற்பனைக்கு.

மத்தியானம் ஜமீர்பெக்கின் கார் முற்றத்துக்கு வந்தது. பெண்கள் மாவுக்கையோடு வெளியே வந்து சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, கன்டெய்னர்ல ஜன்னல்கூட இல்ல," என்றாள் சைராகுல்.

"வெட்டித் தரச் சொல்றேன்."

"அசைய முடியாத மனுஷன். இந்தக் குளிர்ல இரும்புப் பெட்டிக்குள்ள போட்டா ஒரு வாரம் தாங்க மாட்டாரு."

"நான் என்ன கல்லா, சைரா? ரெண்டு வருஷம் சும்மா வச்சிருந்தேன். கயிறு கட்டாம ஏறினது அவன் தப்பு."

"கயிறு கேட்டாரு. நாளைக்கு வரும்னு நீங்கதான் சொன்னீங்க."

ஜமீர்பெக் கையுறையைச் சரிசெய்துகொண்டான். அனார்கான் முன்னால் வந்தாள்.

"தம்பி, நாய்கூடப் படுக்காத ரூம்தான் கொடுத்த. அதை வீடாக்கினது நாங்க. எங்க கையால ஒட்டினது."

"ஜிப்சம் யாருது, அக்கா?"

"நீ குப்பைல போட்டது."

"குப்பையும் என் குப்பைதான்." அவன் குரலை உயர்த்தவில்லை. "போன இலையுதிர் காலத்துல கூலியைக் குறைச்சேன். ஏதாவது கேட்டீங்களா? ஏன்னா உங்களுக்கே தெரியும், வெளியில வேலை இல்ல. அதே புத்தி இப்பவும் இருக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்குறவங்க வர்றாங்க. பெய்ஷெனைத் தூக்க நாலு ஆள் அனுப்புறேன். பத்திரமாத்தான் தூக்குவாங்க."

கார் போன பிறகும் யாரும் நகரவில்லை. கூலிக் குறைப்பின்போது வாய் திறக்காதது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சாயங்காலம் விடுதியில் சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் யாரோ தொடங்கிவைத்தார்கள். விலைபோகும் என்பதால்தானே பிடுங்குகிறான், விலைபோகாமல் ஆக்கிவிடுவோம். பட்டைகள் நடைவழியில் நொறுங்கி விழுந்தன. அனார்கானே ஒரு சுத்தியலோடு படியேறிக்கொண்டிருந்தாள்.

சைராகுல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நீயும் உடைச்சிடு," என்றான் பெய்ஷென்.

அவள் உளியைப் பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பட்டை பூச்சோடு பெயர்ந்து வந்தது. பின்னால் செங்கல் பல்லைக் காட்டியது. அவள் கை நின்றுவிட்டது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது.

"சைரா, ஒரு உதவி பண்ணு. என்னைத் தூக்கி அந்த ஜன்னல் மேடையில உட்கார வை. அப்புறம் தண்ணி பிடிக்கக் கீழ போ. மத்ததை நான் பாத்துக்கிறேன். உனக்கும் பாரம் குறையும்."

அவள் உளியைக் கீழே வைத்தாள். கட்டிலோரம் வந்தாள்.

"ரெண்டு வருஷமா உங்களைப் புரட்டிப் புரட்டிப் போட்டு என் இடுப்பு போச்சு. இவ்வளவு பாடுபட்டது, நீங்க அவனுக்கு ரூமைக் காலி பண்ணிக் கொடுக்கவா?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து நடைவழிக்குப் போய் அனார்கானின் கையிலிருந்த சுத்தியலைப் பிடித்தாள்.

"விடுடி. என் சுவர், நான் உடைக்கிறேன்."

"உடைச்சா அவனுக்கு என்ன அக்கா நஷ்டம்? அடுத்த வாரம் நம்மையே கூப்பிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுவான். நாமளும் கன்டெய்னர்லேருந்து வந்து ஒட்டிக் கொடுப்போம்."

அனார்கான் சுத்தியலை விடவில்லை. ஆனால் ஓங்கவும் இல்லை. "பின்ன என்ன பண்ணச் சொல்ற?"

"ஊத்தாம இருப்போம். ஒட்டாம இருப்போம். இங்கேருந்து இறங்காம இருப்போம்."

"வேலை போயிடும்," என்றான் பின்னால் நின்ற கலிக். "எனக்கு மூணு பிள்ளைங்க."

"மூணும் கன்டெய்னர்லயா வளரும்?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

பெய்ஷென் வர முடியாது என்பதால் எல்லோரும் அவன் அறையிலேயே கூடினார்கள். கட்டில் விளிம்பில், தரையில், ஜன்னல் மேடையில், மிச்சப்பேர் நடைவழியில். ஆளுக்கு ஒரு பயம் இருந்தது. ஒருவருக்குக் கடன், ஒருத்திக்குப் பிரசவ நேரம், இன்னொருவர் தஜிகிஸ்தானிலிருந்து வந்த தாஜிக், குடியேற்றக் காகிதம் சரியில்லை, போலீஸ் வந்தால் முதலில் அவரைத்தான் பிடிப்பார்கள். பெய்ஷென் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். சத்தம் ஓய்ந்தபோது சொன்னான்:

"இந்த விடுதிக்கு ஒரே படிக்கட்டு. அகலம் ஒரு மீட்டர். கார்னிஸ் தூக்கி ஏறினவன், எனக்கு அளவு தெரியும். ஒரு படிக்கு ரெண்டு பேர் உட்கார்ந்தா ஒரு கட்டில் மேல வரவும் முடியாது, கீழ போகவும் முடியாது."

மறுநாள் பட்டறையில் ஒரு வாளி கூடக் கலக்கவில்லை. விடியும்போதே படிகளில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கீழிருந்து மூன்றாம் மாடி வரை, கம்பளிக்குள் கம்பளியாக. நிறைமாதக்காரியை மேல்படியில், சுவரில் சாய உட்கார வைத்தார்கள். தாஜிக்காரர் நடுவில், இருபக்கமும் ஆள். அடியில் கடைசிப்படி மட்டும் காலியாக இருந்தது. அங்கேதான் முதல் உதை விழும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒன்பதரை மணிக்குக் கலிக் வந்தான். மனைவி, மூன்று பிள்ளைகள், ஒரு கனத்த போர்வை. பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு மனைவியோடு கடைசிப்படியில் உட்கார்ந்தான்.

நான்கு ஆட்கள் வந்தார்கள். பின்னால் ஜமீர்பெக்.

"எழுந்திருடா கலிக்."

"கால் மரத்துப்போச்சு, அண்ணே."

"எத்தனை நாள் உட்காருவீங்க?"

"வேலைதான் இல்லையே, தம்பி," என்று மேலேயிருந்து அனார்கான் சொன்னாள். "பதினாறு வருஷத்துல இப்பதான் உட்கார நேரம் கிடைச்சிருக்கு."

நால்வரில் ஒருவன் கலிக்கின் காலரைப் பிடித்து இழுத்தான். கலிக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டான். உதை அவன் விலாவில் விழுந்தது. அவன் மனைவி அவன் முதுகின்மேல் கவிழ்ந்தாள். அடுத்த படியில் இருந்தவர்கள் இருவரையும் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை அதற்கடுத்த படி பிடித்தது. இழுத்தவன் மூச்சு வாங்கி நின்றான்.

வெளியே வாங்க வந்தவர்களின் கார் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த வாரம் வருவார்கள் என்று ஜமீர்பெக் சொன்னான். விடுதியைச் சூடாக்கும் கொதிகலனை நிறுத்தச் சொன்னான். போலீஸுக்குச் சொல்லியிருப்பதாகவும், ஆளுக்கு ஆள் பெயர் எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னான். எல்லாம் உண்மைதான். நண்பகலில் சுவரோரச் சூட்டுக்குழாய்கள் பிணம்போலக் குளிர்ந்தன. வாயிலிருந்து ஆவி வந்தது. கலிக்கால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஆனாலும் எழவில்லை.

அப்போது எதிர்த்தெருத் தையல் பட்டறையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். யாரும் அவர்களை அழைக்கவில்லை. ஜமீர்பெக்கின் ஆட்களைத் தாண்டி வந்து, துணி சுற்றிய பெரிய தேநீர்க் கெட்டில் ஒன்றையும் நான்கு ரொட்டிகளையும் கலிக்கின் கையில் கொடுத்தார்கள்.

கலிக் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"முதல்ல பெய்ஷென் அண்ணனுக்கு," என்று சொல்லி மேல்படிக்குக் கொடுத்தான்.

கெட்டில் படிப்படியாக ஏறியது. ஒவ்வொருவரும் ஒரு கணம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு மேலே கொடுத்தார்கள். மூன்றாம் மாடியில் சைராகுல் அதை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். இன்னும் ஆவி பறந்தது.