சம்மட்டிக்குக் கிடைத்த பதில்

சம்மட்டியைப் பார்த்ததும் என் கணவர் ஹார்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, இத வச்சு வேலிக்கு முளை அடிக்கலாம். பூமிக்குள்ள என்னத்தப் பாப்ப?"

"பாக்கப் போறதில்ல பெரியவரே, கேக்கப் போறோம்," என்றாள் லொரேன்.

போன மாதம் பக்கத்துப் பண்ணைக்கார ஷ்ராக்கின் வயல் ஒரே காலையில் உள்வாங்கி, டிராக்டரைக் கொட்டகையோடு கொண்டுபோயிற்று. கான்சஸில் எங்கள் பக்கம் பூமிக்குக் கீழே உப்பு. பழைய எண்ணெய்க் கிணறுகள் வழியாகத் தண்ணீர் இறங்கி அதைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கீழும் கரைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் நிலத்தடி ஆய்வு செய்யும் லொரேன் ஆட்களோடு வந்திருந்தாள். நிலத்தின் நடுக்கத்தைக் கேட்கும் சின்னக் கருவிகளை வரிசையாகக் குத்திவைத்து, எதைக் கொண்டு தட்டினால் எங்கள் மண் தெளிவாகப் பதில் சொல்லும் என்று முதலில் சோதித்தார்கள்.

துப்பாக்கிதான் என்று ஹார்லன் அடித்துச் சொன்னார். குழிக்குள் சுட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கருவிகளோடு இணைத்த கணினித் திரையில் வெறும் கசங்கல் கோடுகள். மழையில்லாத வருஷம், மேல்மண் புழுதியே சத்தத்தைத் தின்றுவிடுகிறது என்றாள் லொரேன். அடுத்து வண்டியிலிருந்து இரும்பு எடையைப் போட்டார்கள். அலமாரிக் கோப்பைகள் ஆடின. தரையோடு உருண்டோடிய அதிர்ச்சி, ஆழத்திலிருந்து வந்ததை மூடிவிட்டது.

கடைசியில், இரும்புத் தகட்டின்மேல் சம்மட்டி. தண்ணீர் இறைக்கும் காற்றாலையைச் சுற்றாமல் கட்டிப்போட்டோம். யாரும் அசையக் கூடாது. முதல் அடிக்கு ஒன்றுமில்லை. அதே இடத்தில் இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொரு பதிலையும் இயந்திரம் முந்தையதன்மேல் கூட்டியது. காற்றின் ஓசையும் தூரத்து லாரியும் தடவைக்குத் தடவை வேறு மாதிரி, தமக்குள் அழிந்துபோயின. பாறையின் பதில் மட்டும் மாறவே இல்லை. எட்டாவது அடியில், இருபது ஆள் ஆழத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று திரையில் எழுந்து வந்தது. ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பாறைமேல்தான் நான் இத்தனை காலமும் ரொட்டி சுட்டிருக்கிறேன். இன்றுதான் அதன் குரல் கேட்டது.

வயலிலிருந்து வீட்டை நோக்கி நகர்ந்தார்கள். கோடு மேசை விளிம்புபோல நேராக வந்தது. துணி காயப்போடும் கம்பம் தாண்டியதும் தொய்ய ஆரம்பித்தது. சமையலறைப் படியருகே ஹார்லனே சம்மட்டியை வாங்கிக்கொண்டார். எட்டு அடி. திரையில் கோடு தூளிபோலத் தொங்கியது; அடியில் உப்பு கரைந்து பாறை தொய்ந்திருந்தது. சரியாக எங்கள் வீட்டின் அகலம்.

"எப்ப?" என்றார்.

"தெரியாது. நாளைக்கே இடிஞ்சு இறங்கலாம், முப்பது வருஷமும் ஆகலாம். இனிமே இங்க தூங்காதீங்க."

பெட்டி எடுக்க உள்ளே போக வேண்டியிருந்தது. வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார், நாற்பத்தோரு வருஷம் நான் கெஞ்சியும் கேட்காத மனிதர். காலுறையோடு, உறங்குகிற எதையோ எழுப்பிவிடாமல் கடப்பவரைப்போல, மரத்தரையில் ஒவ்வொரு பாதமாக வைத்து நடந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.