இரவல் எலும்பு

நான் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தருமபுரி மாவட்டத்து எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்றால் அப்போதுதான் பேச ஆரம்பிக்கிற ஜனம் இது. கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் எலும்புகள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அவை உள்ளதைத்தான் காட்டும். பொய் சொன்னவள் நான்.

போன ஆவணியில், கல்யாணமாகி மூன்றே நாளான ஒரு பெண்ணைப் போலீஸ் கூட்டி வந்தது. இண்டூர்ப் பக்கத்து வெண்மதி. வயதுக்குச் சரியான சான்று இல்லை, எலும்பை வைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் அப்பன் தீர்த்தகிரி என் பெரியப்பா மகன். அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறக்கும் குழந்தைக்கு முந்நூறு எலும்பு வரை இருக்கும். வளர வளர ஒன்றோடொன்று ஒட்டி இருநூற்று ஆறில் வந்து நிற்கும். கை, கால்களின் நீள எலும்புகளில் தண்டு தனி, நுனி தனி. இடையில் குருத்தெலும்பு. எலும்பு நீள்வது அங்கேதான். படத்தில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். பெண்களுக்குப் பதினெட்டு வாக்கில் மணிக்கட்டுக் கோடு மூடிவிடும். வெண்மதிக்குப் பளிச்சென்று திறந்து கிடந்தது. பதினைந்துக்கு மேல் இருக்காது.

"அக்கா, கேஸாச்சுன்னா நானும் மாப்பிள்ளையும் உள்ள போயிருவோம். நீ மனசு வெச்சா முடியும்" என்று தீர்த்தகிரி அழுதான். நான் இளகித் தொலைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கிணற்றில் பிணமாகக் கிடைத்த ஒரு பெண்ணின் படங்கள் கணினியில் இருந்தன. கை, முன்கை, மண்டை என்று மூன்று. வயது இருபது இருக்கும், பெயர் தெரியாது, தேடி யாரும் வரவில்லை. அவளுடைய கைப் படத்துக்கு வெண்மதி என்று பெயர் போட்டு, வெண்மதியின் நிஜப் படத்தை ஒளித்து வைத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பில் பழைய முறிவு ஒன்று ஆறிக் கிடந்தது. டாக்டர் கோட்டை மட்டும்தான் தேடினார். கோடு இல்லை. பதினெட்டு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டார். வெண்மதி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புருஷன் வீரமணியோடு போனாள்.

தை மாதம் கை வீங்கி வந்தாள்.

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுங்க அத்தை."

படத்தைப் பார்த்தேன். அதே உள்ளங்கை எலும்பு, அதே சாய்வு, புது முறிவு. கிணற்றுப் பெண்ணின் படத்தோடு ஒட்டிப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. மணிக்கட்டுக் கோடு வேறு மங்கியிருந்தது. தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழை.

சித்திரையில் மறுபடி வந்தாள். இந்தமுறை முன்கை. தலைமேல் விழும் அடியைக் கையால் தடுத்தால் முறிகிற எலும்பு அது. கிணற்றுப் பெண்ணின் இரண்டாவது படத்தில் எங்கே முறிந்திருந்ததோ அங்கேயே முறிந்திருந்தது. மணிக்கட்டில் கோட்டையே காணோம். எட்டு மாதத்தில் அவளுக்கு இருபது வயது எலும்பு வந்திருந்தது.

"வேற எங்கயாச்சும் வலிக்குதா?"

வலது காதுக்குப் பின்னால் விரல் வைத்தாள். "இங்கங்க."

"அங்க அடிச்சானா?"

"இன்னும் இல்லீங்க அத்தை. ஆனா ஒரு மாசமா வலிக்குது. படுத்தா தண்ணிச் சத்தம் கேக்குது."

மூன்றாவது படத்தை நான் திறக்க வேண்டியிருக்கவில்லை. மண்டை முழுக்கத் தட்டை எலும்புகள், தையல் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். வெண்மதி விரல் வைத்த அதே இடத்தில் அந்தப் படத்தில் ஒரு விரிசல். மற்ற இரண்டு முறிவும் ஆறியிருந்தன. அது ஆறவில்லை.

வெளியே வீரமணி கதவைத் தட்டினான். "ஆச்சுங்களா? வூட்டுக்குப் போவணும்."

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கைப் போட்டேன். அது எரிந்தால் யாரும் உள்ளே வரக்கூடாது. தாழையும் போட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சார், ஆவணியில நீங்க பாத்த படம் வெண்மதியோடது இல்லைங்க. நான்தான் மாத்துனேன். அவளுக்குப் பதினஞ்சுதான். நெசப் படம் எங்கிட்ட இருக்குது. போலீசக் கூப்பிடுங்க, இவன்கூட அனுப்புனா கொன்னுருவான்."

"அங்கேயே இருங்க, வர்றேன்" என்றார். என் வேலை அதோடு போனது.

ஒளித்து வைத்திருந்த படத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். கறுப்புக் கோடு.

"இது யாருதுங்க அத்தை?"

"உன்னுதுதான்டி."

கிணற்றுப் பெண்ணின் கைப் படத்திலிருந்து வெண்மதியின் பெயரை அழித்தேன். பெயர் இல்லாமல் விட்டால் கணினி ஏற்காது. இன்னொருத்தி தலையில் இதைக் கட்டியது போதும் என்று 'அமுதவல்லி' என என் பெயரையே அடித்தேன்.

வெண்மதி காதுக்குப் பின்னாலிருந்து விரலை எடுத்தாள். "வலி நின்னுருச்சுங்க அத்தை" என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

வீரமணி கதவை உதைத்துக்கொண்டிருந்தான். அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் வலது காதுக்குப் பின்னால் சுருக்கென்றது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.