பிரிக்காத சாரம்

மகளின் விரல் நுனியிலிருந்த கிளிப்பை நர்ஸ் கழற்றியதும் அவன் அந்த விரலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். இன்னும் சூடு இருந்தது. நாலு வயதாகியும் அவள் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை. அறையில் யாரும் அழவில்லை; அழுது தீர்த்ததெல்லாம் முந்தைய மாதங்களிலேயே முடிந்துபோயிருந்தது.

மனைவி சன்னலோரம் நின்றாள். கருவில் நரம்புகள் உருவாகும்போது எந்த மரபணு எப்போது வேலையைத் தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மகள் பிறப்பதற்கு முன்பே, மீன் முட்டைகளை வைத்துத் தொடங்கியது. மகளுக்கு அடங்கவேண்டிய ஒன்று அடங்கவில்லை என்று தெரிந்த அன்று, கட்டட மேற்பார்வை பார்க்கும் அவனுக்குப் புரியும்படி சொன்னாள்: வீடு எழும்பிய பிறகும் சாரத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள், உள்ளே குடியேற வழியில்லை.

டாக்டர் தயங்கித் தயங்கிப் பேசினார். இருவரும் சம்மதித்தால் மூளையிலிருந்து சிறு பகுதி எடுக்கலாம், தாமதித்தால் பயன்படாது என்றார். அவர் வெளியே போனதும் அவன் கேட்டான்.

“யாருக்குப் போகுது?”

“என் லேபுக்கு.”

“நீதான் கேக்கச் சொன்னியா?”

“ஆமா.” அவள் திரும்பவில்லை. “மீன் முட்டையில எத்தன வருஷம் தேடினாலும் இது கெடைக்காது. உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடலாம்.”

உயிரோடு இருந்தபோது குத்தியது போதாதா என்று கேட்க வாயெடுத்தான். அதை விட்டுவிட்டு, “இதனால இவளுக்கு என்ன?” என்றான்.

“இவளுக்கு ஒண்ணுமில்ல.”

அவள் பொய் சொல்லியிருக்கலாம். எங்கோ ஒரு குழந்தை பிழைக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவே அவன் கையெழுத்துப் போட்டான்.

மதியம் ஐஸ் பெட்டி தயாரானது. லேபிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை, நானே கொண்டுபோகிறேன் என்றுவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த தன் அண்ணனை மகளருகே இருக்கச் சொல்லிவிட்டு அவன் காரை எடுத்தான். அவள் முன்சீட்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டியதும் வேகத்தடை வந்தது. நின்றேவிடும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, முன்சக்கரங்களை ஏற்றி இறக்கினான். பின்சக்கரங்கள் இன்னும் ஏற வேண்டியிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவன் வேகத்தைக் கூட்டவில்லை.