சனிக்கிழமைக் கூட்டம்

இறந்துபோன அம்மா கிடந்த கட்டிலின் மெத்தைக்கு அடியில் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் மகன். அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவதாக நினைத்து, வந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அழ அவனுக்கு நேரம் ஏது? பதினொரு மணிக்குத் தங்கை வந்துவிடுவாள். அதற்குள் அம்மாவின் வலி மாத்திரைகளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

அலமாரி, சமையலறை டப்பா, குளியலறை, எதிலும் இல்லை. அம்மாவின் புற்றுநோய்க்குக் கொடுத்த அதே மாத்திரைக்குத்தான் தங்கை இரண்டு வருஷம் அடிமையாகக் கிடந்தாள். பூட்டிய பீரோவையே திறந்து எடுத்தவள். இப்போது எட்டு மாதக் கர்ப்பம். தாய்மாரைப் பிள்ளைகளோடு சேர்த்தே வைத்து வைத்தியம் பார்க்கிற விடுதியில் ஐந்து மாதமாக இருக்கிறாள்; மூத்த பெண்ணும் அங்கேதான். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும், திரும்பியதும் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் தவறினால் இடம் போய்விடும். இடம் போனால் பிறந்ததையும் பிறக்கப்போவதையும் அவளிடமிருந்து பிரித்துவிடுவார்கள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "பதறாதீங்க, அஞ்சே நிமிஷம்" என்று வெளியில் நின்று தேனாகப் பேசுவான். சொந்த வீட்டில் அந்தப் பொறுமை பக்கத்தில்கூட வராது.

தங்கை வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் தண்ணீர் குடித்தால் எட்டிப் பார்த்தான். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றான். இரண்டு மணிக்கு அவள் அம்மாவின் பழைய சால்வையை எடுத்துத் தன் பைக்குள் திணித்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் போய் நின்றான்.

"பையைத் திற."

அவள் தரையில் கவிழ்த்தாள். சால்வை, சீப்பு, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பின்னிய ஒற்றைக் காலுறை, ஊசியோடு.

"சட்டைப் பையையும் பாத்துக்கோண்ணா."

அதையும் பார்த்தான்.

எதிர்வீட்டு டெய்லரம்மா அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "மாத்திரையைத்தானே தேடுற? செவ்வாக்கிழமையே கழிவறைல கொட்டியாச்சு. உங்கம்மாதான் என்னைக் கொட்டச் சொன்னா. வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு லீவுல வர்றதா இருந்துச்சே, அப்ப வீட்ல ஒரு மாத்திரைகூட இருக்கக்கூடாதுன்னு விடுதில சனிக்கிழமைக் கூட்டத்துல சொன்னாங்களாம்."

"அப்ப வலிக்கு என்ன பண்ணினாங்க?"

"துணியைக் கடிச்சுக்கிட்டா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

விடுதியில் சனிக்கிழமைதோறும் குடும்பத்தாருக்குக் கூட்டம் உண்டு. எழுந்து நடக்க முடிந்தவரை அம்மா ஒருத்திதான் போய்வந்தாள். அவனுக்கு எப்போதும் ஓவர்டைம். ஒரு தடவை போயிருந்தால், நோயாளி இருக்கிற வீட்டில் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். மூன்று நாளாக அந்த முனகலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "மாத்திரை போட்டியாம்மா?" என்று படுத்த இடத்திலிருந்தே கேட்டதற்கு, "போட்டுட்டேன்பா" என்றாள். அவனும் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்து தங்கையைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டபோது ஐந்து மணி ஆகிவிட்டது. பாதி தூரம் போனபிறகு அவள் கேட்டாள்.

"கடைசியில அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதாண்ணா?"

"இல்ல. மாத்திரை போட்டுக்கிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க."

"பின்ன எதைத் தேடுன?"

"அதோட தீந்துபோச்சு. நான்தான் மறந்துட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சனிக்கிழமைக் கூட்டம் எத்தனை மணிக்கு?" என்றான்.

"பத்து மணிக்கு."

அடுத்த சிக்னல் வருவதற்குள், வயிற்றின் மேல் கையை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தாள். காலையிலிருந்து அவள் கண்மூடியது அப்போதுதான்.

விடுதி வாசலை நெருங்கியபோது மணி ஐந்து நாற்பது. வண்டி நின்றால் விழித்துக்கொள்வாள். கதவைத் திறக்க எழுந்த காவலாளியிடம் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மதிலை ஒட்டியே மெதுவாக இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினான்.